பாட்டின் பொருள் குப்பைத்தொட்டியில் கிடைக்காது

1970ஆம் ஆண்டு, நியூயார்க்கின் கிரெனிச் வில்லேஜ் பகுதி. மெக்டூகல் தெருவில் குடியிருந்த பாடகர் பாப் டிலனின் வீட்டு வாசல் குப்பையை ஒருவர் கிளற ஆரம்பித்தார். பெயர் ஏ. ஜே. வெபர்மன். டிலன் பாட்டில் வரும் ஒவ்வொரு சொல்லும் சங்கேதம், அதன் விடை டிலனின் அன்றாட வாழ்க்கையில் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. கையில் சிக்கியவற்றில் குழந்தைகளின் அழுக்கு டயப்பர்களும் உண்டு. மனிதர் அசரவில்லை. டிலன் பாட்டுகளுக்குப் பொருள் சொல்ல வகுப்பு எடுத்தார், மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்கே போனார், 1971 மே மாதம் டிலனின் முப்பதாவது பிறந்தநாளில் அங்கே ஆர்ப்பாட்டம் நடத்தினார். 2005இல் டிலன் மொழிக்குத் தனி அகராதியே போட்டுவிட்டார்.

வெபர்மனைக் கிறுக்கர் என்று ஒதுக்குவது சுலபம். நாகரிகமான ரசிகர்கள் இத்தனை வருடமாகச் செய்துவருவதும் அதுதான். ஆனால் அவர் குப்பையைக் கிளறித் தேடியதைத்தான் இவர்கள் வாழ்க்கை வரலாறுகளையும் பழைய பேட்டிகளையும் கிளறித் தேடுகிறார்கள். நாட்டார் மரபில் வந்த அமெரிக்க, கனடியப் பாடலாசிரியர்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாட்டு யாரைப் பற்றியது? பெயர் கிடைத்துவிட்டால் பாட்டு புரிந்துவிட்டதாக அர்த்தம். கிடைக்காவிட்டால் பாடலாசிரியர் எதையோ மறைக்கிறார். கார்லி சைமனின் 1972ஆம் வருடப் பாட்டு ஒன்றில் வரும் ஆண் யார் என்று தெரிந்துகொள்ள, 2003இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிர்வாகி டிக் எபர்சோல் 50,000 டாலர் கொடுத்தார். வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. தர்ம ஏலம் என்பதால் பணமாவது நல்ல காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பார்வை தவறு. கொஞ்சம் மிகைப்பட்ட நல்ல பார்வை என்றுகூட இதைச் சொல்ல முடியாது. இந்தப் பாட்டுகள் எப்படி உருவாகின்றன என்பதற்கே இது நேர் எதிரானது.

டிலனின் ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்’ பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டு, உலகமே அணுப்போருக்கு அஞ்சி நடுங்கிய நாட்களில் இது எழுதப்பட்டது, அந்த மழை அணுகுண்டுச் சாம்பல் மழை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். 1963இல் வந்த இசைத்தட்டின் பின்னட்டையில் நாட் ஹென்டாஃப் எழுதிய குறிப்பே இந்தக் கதையைத்தான் சொல்கிறது. கதைக்கு இடைஞ்சலாக நிற்பது ஒரு தேதி. பீட் சீகர் கார்னகி ஹாலில் நடத்திய நிகழ்ச்சியில் டிலன் இந்தப் பாட்டைப் பாடியது 1962 செப்டம்பர் 22. கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி ஏவுகணைச் செய்தியை நாட்டுக்கு அறிவித்தது அக்டோபர் 22. சரியாக ஒரு மாத இடைவெளி. விஷயம் வெள்ளை மாளிகைக்கே தெரிவதற்கு முன்னால் டிலனுக்குத் தெரிந்துவிட்டது என்று வாதாட எந்த ரசிகருக்கும் துணிச்சல் வராது என்று நம்பலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பின்னட்டைக் குறிப்பில் கியூபா கதைக்குத் தலையாட்டிய அதே டிலன், 1963இல் ஸ்டட்ஸ் டெர்கலின் வானொலிப் பேட்டியில் அது அணு மழை இல்லை, வெறும் கனமழைதான் என்று மறுத்தார். பாட்டில் வரும் விஷம், வானொலியும் பத்திரிகையும் மக்களுக்கு ஊட்டும் பொய் என்றார். ஆக, எழுதியவர் வாயைப் பிடுங்கினால் உண்மை வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே அடிபட்டுப் போகிறது. கேட்ட நேரத்துக்கு ஒரு விளக்கம் சொல்லி ஆளை அனுப்பிவைக்கத் தெரிந்தவர் அவர்.

விஷம் எங்கிருந்து வந்தது என்று பாட்டையே கேட்டால் பதில் கிடைக்கிறது. ‘லார்ட் ராண்டல்’ என்றொரு பழைய கதைப்பாடல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லையோரத்திலிருந்து அமெரிக்க மலைநாடு வரைக்கும் பரவியது. வீடு திரும்பிய மகனைத் தாய் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்க விசாரிக்க, அவனுக்கு விஷம் வைக்கப்பட்டிருப்பது நமக்குத் தெரியவருகிறது. டிலன் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி பதில் அமைப்பை. அந்தப் பாடலை அறிந்தவர் காதுக்கு, டிலன் பாட்டில் தாய் முதல் கேள்வியைக் கேட்கும்போதே பிள்ளை பிழைக்க மாட்டான் என்பது தெரிந்துவிடும். அணுகுண்டு இல்லாமலேயே அச்சம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. கியூபாவை நினைத்துக் கேட்பவருக்கு இந்த நுட்பம் கிடைக்காமலே போகிறது.

‘பஃப்’ என்ற டிராகன் பாட்டுக்கு நேர்ந்தது இதைவிடப் பரிதாபம். 1959இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த பத்தொன்பது வயது லெனர்ட் லிப்டன், ஆக்டன் நாஷின் வேடிக்கைக் கவிதை ஒன்றைப் படித்த சூட்டில், பீட்டர் யாரோவின் தட்டச்சுப் பொறியில் அடித்துவைத்த குழந்தைப் பாட்டு அது. யாரோ அதை வளர்த்தெடுத்தார். பீட்டர், பால் அண்ட் மேரி குழு பாடி 1963இல் பெரும் வெற்றி பெற்றது. மறு வருடமே அது கஞ்சாப் பாட்டு என்ற பேச்சு நியூஸ்வீக் இதழ் வரைக்கும் ஏறிவிட்டது. பஃப் என்றால் புகை இழுப்பதாம், பாட்டில் வரும் பையனின் குடும்பப் பெயரில் புகையிலை சுற்றும் தாள் இருக்கிறதாம். லிப்டன் மறுத்தார், யாரோ ஆயுள் முழுக்க மறுத்தார். பயனில்லை. குழந்தை வளர்ந்துவிடுகிறது, அதன் விளையாட்டுத் தோழன் தனியே நிற்கிறான் என்று பாட்டு வெளிப்படையாகவே சொல்கிறது. வெளிப்படையாகச் சொல்லப்பட்டது பொருளாக இருக்க முடியாது என்பதே சங்கேதம் தேடுவோரின் முதல் விதி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடத் துணிந்துவிட்டால் எந்தப் பாட்டிலும் எதையும் கண்டெடுக்கலாம்.

இந்த இடத்தில் ரசிகர் தரப்பு ஒன்று கேட்கும். போதைப்பொருள் கதைகள் போகட்டும், தன் வாழ்க்கையை எழுதும் பாடலாசிரியர்களை என்ன செய்வது? ‘நான்’ என்று பாடுகிறவர் தன்னைத்தானே சொல்கிறார்?

நாட்டார் மரபில் இல்லை என்பதுதான் பதில். 1962இல் வந்த டிலனின் முதல் இசைத்தட்டில் ‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’ என்ற பழைய பாட்டு இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் கெட்டுச் சீரழிந்த ஒரு பெண்ணின் புலம்பல் அது. டிலன் அதைப் பெண்ணாகவே, ‘நான்’ என்றே பாடுகிறார். இருபது வயதுப் பையன் எப்போது அந்த வீட்டுக்குப் போனான், எப்படிப் பெண்ணானான் என்று யாரும் கேட்கவில்லை. அவரே எழுதிய ‘நார்த் கண்ட்ரி ப்ளூஸ்’ பாட்டிலும் பேசுவது இரும்புச் சுரங்க ஊர் ஒன்றில் கைவிடப்பட்ட பெண். கதைப்பாடல்களில் கப்பலேறியவன், தூக்குக்குப் போகிறவன், பிள்ளையைப் பறிகொடுத்தவள் என எல்லோரும் ‘நான்’தான். பாடுகிறவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். பழைய பாட்டுக்கு இதை ஒப்புக்கொள்ளும் ரசிகர், அதே ஆள் சொந்தமாக எழுதிய காதல் பாட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பைப் பிரித்ததுபோலப் பேச ஆரம்பிப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ விஷயத்தில் இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போகும். 1975 ஜனவரியில் வெளியான இந்தத் தொகுப்பு டிலன், சாரா தம்பதியின் மணமுறிவைப் பற்றியது என்று கேள்வியே இல்லாமல் எழுதப்படுகிறது. மண விலக்கு நடந்தது 1977இல். போகட்டும், பிணக்கு முன்பே தொடங்கியிருக்கும். ஆனால் பாட்டுகள் பதிவான விதத்தைக் கவனிக்க வேண்டும். 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பதிவு முடிந்தது. டிசம்பரில், தம்பி டேவிட் சொன்னதைக் கேட்டு, மினியாபோலிஸ் நகரத்து உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்து ஐந்து பாட்டுகளை டிலன் மறுபடி பதிவு செய்தார். அவற்றில் ஒன்று ‘டேங்கிள்ட் அப் இன் புளூ’. நியூயார்க் பதிவில், காலையில் படுக்கையில் கிடந்து பழையதை நினைத்துப் பார்ப்பவன் ‘அவன்’. மினியாபோலிஸில் அதே ஆள் ‘நான்’. வரியின் மற்றச் சொற்கள் அப்படியே இருக்கின்றன, ஆள் மட்டும் இடம் மாறிவிட்டான். 1984 ஐரோப்பியப் பயணத்தில் அடையாளம் தெரியாத அளவுக்கு வரிகளையே மாற்றிப் பாடினார், அந்த வடிவமும் இசைத்தட்டாக வந்திருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதும் வாக்குமூலம் இப்படியா மூன்று மாதத்தில் ஆள் மாறும்? 1974இல் டிலன், கார்னகி ஹால் கட்டடத்தில் நார்மன் ரேபன் என்ற ஓவியரிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தார். நேற்று, இன்று, நாளை மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் பார்க்கும்படி பாட்டு எழுத அங்கேதான் கற்றேன் என்று பின்னால் அவர் சொன்னதுண்டு. ‘அவன்’, ‘நான்’ இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது அந்தப் பயிற்சியின் தொடர்ச்சி. டல்சா நகரத்து டிலன் ஆவணக்காப்பகத்தில் இந்தத் தொகுப்புக்கான சிறு குறிப்பேடுகள் இருக்கின்றன. பொடி எழுத்தில் எழுதி, அடித்து, மாற்றி எழுதிய வரிகள் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கின்றன. ஒரு வரிக்காக அவர் எவ்வளவு உழைத்தார் என்பதை அவற்றில் பார்க்கலாம். மனைவியோடு என்ன சண்டை என்பதை அல்ல.

மனைவி பெயரையே தலைப்பாக வைத்து டிலன் எழுதிய ‘சாரா’ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒளிவுமறைவில்லாத வாழ்க்கைப் பாட்டு என்றால் அதுதான். இன்னொரு பழைய பாட்டை உனக்காக செல்சி ஹோட்டலில் நாள்கணக்கில் விழித்திருந்து எழுதினேன் என்று அதில் அவர் உருகுகிறார். அந்தப் பழைய பாட்டு 1966 பிப்ரவரியில் நாஷ்வில்லில் பதிவானது. ஸ்டுடியோவிலேயே டிலன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார், தாங்கள் விடிய விடியச் சீட்டாடிக்கொண்டு காத்திருந்தோம் என்று வாத்தியக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். சாட்சிக் கூண்டில் நிற்பதுபோலப் பாடும்போதுகூடப் பாட்டுக்கு எது பொருந்துமோ அதைத்தான் அவர் பாடினார். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. செல்சி ஹோட்டல் பாட்டில் நன்றாக உட்காருகிறது, நாஷ்வில் ஸ்டுடியோவின் சீட்டுக்கட்டு உட்காராது.

ரசிகர் தரப்பின் உண்மையான பலம் பாடலாசிரியர் ஜோனி மிட்செல். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1971இல் வந்த ‘புளூ’ தொகுப்பில் ‘லிட்டில் கிரீன்’ என்றொரு பாட்டு உண்டு. ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல அமைந்தது. 1965இல், கையில் காசில்லாத இளம்பெண்ணாகத் தான் பெற்ற மகளைத் தத்துக் கொடுக்க நேர்ந்ததைப் பற்றி மிட்செல் எழுதிய பாட்டு என்பது 1990களில் ஊரறிய வெளிவந்தது. 1997இல் தாயும் மகளும் சந்தித்தார்கள். இதோ பாருங்கள், உள்ளே ரகசியம் இருக்கத்தானே செய்தது என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்த ரசிகர் எத்தனை பேர்? மிட்செலின் காதலர் பட்டியலைப் பாட்டுவாரியாகத் தயாரித்தவர்களுக்கு, எல்லாவற்றையும் விடப் பெரிய துக்கம் கண்முன்னால் கிடந்தும் தெரியவில்லை. ரோலிங் ஸ்டோன் மதிப்புரையாளர், பாட்டு பூடகமாக இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை என்று அலுத்துக்கொண்டார். தாளில் கையெழுத்துப் போடுவதையும் வெட்கப்படாத ஒரு சோகத்தையும் பாட்டு நேரடியாகவே சொல்கிறது. காதலன் யார் என்று தேடிய கண்ணுக்கு அது படவில்லை.

அந்த இதழ் அதோடு நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் மிட்செலுக்கு அவருடைய காதல்களை வைத்துக் கேலிப் பட்டம் சூட்டியது, இசை உலகில் யார் யாரோடு என்று கோடிழுத்து வரைபடம் போட்டு அவர் பெயரையும் அதில் வைத்தது. மிட்செல் அந்த இதழோடு பேசுவதைப் பல வருடங்கள் நிறுத்திக்கொண்டார். யாரைப் பற்றிய பாட்டு என்ற கேள்வி ஆணிடம் கேட்கப்படும்போது இலக்கிய ஆராய்ச்சி, பெண்ணிடம் கேட்கப்படும்போது தெருமுனை வம்பு. கேள்வி என்னவோ ஒன்றுதான்.

பெயரைச் சொன்னவரும் வருந்தியிருக்கிறார். லியோனார்ட் கோஹன் தன் ‘செல்சி ஹோட்டல் நம்பர் 2’ பாட்டு மறைந்த பாடகி ஜானிஸ் ஜோப்ளினைப் பற்றியது என்று மேடைகளில் சொல்லிவந்தார். பிறகு 1994இல் பிபிசி பேட்டியில், அது தான் செய்த பெரிய பண்பின்மை என்று சொல்லி, இறந்துபோனவரிடம் மன்னிப்புக் கேட்டார். பாட்டில் பெயர் இல்லாதவரை அது, புகழும் தனிமையும் கொண்ட இருவர் ஓர் இரவைக் கழித்த கதை. பெயர் தெரிந்ததும் பிரபலங்களின் படுக்கையறைச் செய்தியாகிவிட்டது.

தமிழில் படிக்கிறவருக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை. அகப்பாட்டில் தலைவன், தலைவி இருவர் பெயரையும் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. நக்கீரரின் நெடுநல்வாடையில், கூதிர் இரவில் தலைவனைப் பிரிந்து தவிக்கும் தலைவியின் நிலை 188 அடிகளில் விரிகிறது. கடைசிப் பகுதியில் பாசறைக் காட்சி. அங்கே ஒரு வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் தலைவன் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது, எனவே இது அகமாகாது, புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொன்னார். அதை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆள் அடையாளம் தெரிந்தால் பாட்டின் சாதியே மாறிவிடுகிறது என்பதை உரையாசிரியர்கள் எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கோஹன் வருந்தியதும் ஏறக்குறைய இதற்குத்தான்.

அப்படியானால் பின்னணியே வேண்டாமா, பாட்டைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டுமா? யாரும் அப்படிச் சொல்லவில்லை. ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ மெட்டு, ‘நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்’ என்ற கறுப்பின அடிமைகளின் பாட்டிலிருந்து வந்தது. ஏலமேடையில் இனி நிற்க மாட்டோம் என்று பாடிய மெட்டு அது என்று தெரிந்து கேட்டால், டிலனின் கேள்விகளுக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. 1965இல் வந்த ‘டெசலேஷன் ரோ’ தூக்குக் காட்சியின் தபால் அட்டைகளோடு தொடங்குகிறது. மாயக் கற்பனை என்று பலர் நினைத்த அந்த அட்டைகள் உண்மையில் விற்கப்பட்டன. டிலன் பிறந்த டுலூத் நகரத்தில் 1920 ஜூனில் சர்க்கஸ் வேலையாட்களான மூன்று கறுப்பின இளைஞர்களை ஒரு கும்பல் விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டு, படம் எடுத்து, அட்டையாக அச்சிட்டு விற்றது. இப்படிப்பட்ட செய்தி பாட்டை அகலப்படுத்துகிறது. தெரிந்த பிறகு திரும்பப் போய்க் கேட்கத் தோன்றுகிறது. காதலியின் பெயர் தெரிந்ததும் நடப்பது வேறு: கேட்டாயிற்று, தெரிந்துவிட்டது, அடுத்தது.

சில சமயம் தேட வேண்டியது பாட்டுக்கு உள்ளே ஒளிந்திருப்பதை அல்ல, வெளியே தள்ளப்பட்டதை. வூடி கத்ரி ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டை 1940 பிப்ரவரி 23 அன்று நியூயார்க்கில் ஒரு மலிவு விடுதியில் எழுதினார். வானொலியில் ஓயாமல் ஒலித்த ‘காட் பிளஸ் அமெரிக்கா’ பாட்டு தந்த எரிச்சலில் பிறந்தது அது. கையெழுத்துப் படியில், தனியார் சொத்து என்று எழுதித் தொங்கும் பலகையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. நிவாரண அலுவலக வாசலில் பசியோடு வரிசையில் நிற்கும் மக்களைப் பற்றி இன்னொன்று. பள்ளிக்கூடப் பாட்டுப் புத்தகங்களுக்கு வந்தபோது இரண்டும் காணாமல் போயின. மிஞ்சியதை அமெரிக்கப் பிள்ளைகள் தேசபக்திப் பாட்டாகப் பாடி வளர்ந்தார்கள். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பையொட்டி லிங்கன் நினைவிடத்தில், 89 வயது பீட் சீகரும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் அந்தப் பத்திகளைச் சேர்த்தே பாடினார்கள். பாட்டின் பொருளைத் திருப்பிக் கொண்டுவரச் சங்கேத அகராதி ஒன்றும் தேவைப்படவில்லை. முழுப் பாட்டையும் பாடினால் போதுமாக இருந்தது.

யார், எங்கே, எப்போது என்ற விவரம்தான் பொருள் என்றால், விவாதத்துக்கே இடம் தராத ஒரு பாட்டு இருக்கிறது: டிலனின் ‘த லோன்சம் டெத் ஆஃப் ஹேட்டி கேரல்’. 1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகரத்து எமர்சன் ஹோட்டல் விருந்தில், வில்லியம் ஜான்ட்ஸிங்கர் என்ற 24 வயதுப் புகையிலைப் பண்ணை முதலாளி, மது கொண்டுவரத் தாமதம் என்று 51 வயதுப் பணிப்பெண் ஹேட்டி கேரலைக் கைத்தடியால் அடித்தான். சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். ஆகஸ்ட் 28 அன்று, மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசிய அதே நாளில், அவனுக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். பெயர், ஊர், தொழில், தண்டனை எல்லாம் பாட்டிலேயே இருக்கிறது. தோண்ட ஒன்றும் மிச்சமில்லை.

பேச வேண்டியது அத்தனையும் மிச்சமிருக்கிறது. ஹேட்டி கேரல் கறுப்பினப் பெண், அடித்தவன் வெள்ளையன் என்று பாட்டு ஓரிடத்திலும் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிறது. அவர் வேலையைச் சொல்லும் இடத்தில் அடுத்தடுத்து மூன்று வரிகள் ‘மேசை’ என்ற ஒரே சொல்லில் முடிகின்றன. இயைபு தேடிக்கொள்ளத் தெரியாதவரல்ல டிலன். ஒரே மேசையை ஆயுள் முழுக்கத் துடைத்தவரின் அலுப்பை அந்தத் திரும்பத் திரும்ப வரும் சொல் காட்டிவிடுகிறது. அழாதே, இன்னும் நேரம் வரவில்லை என்று ஒவ்வொரு பல்லவியிலும் தடுக்கும் பாட்டு, அடி விழும்போதும் அழ விடுவதில்லை, சாகும்போதும் விடுவதில்லை. நீதிபதி தண்டனையை வாசித்த பிறகுதான் விடுகிறது. ஆனால் டிலன் குற்றவாளியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார். முதல் நிலைக் கொலைக் குற்றச்சாட்டு என்று பாடியிருக்கிறார், வழக்கு முடிந்ததோ அதைவிடக் குறைந்த குற்றத்தில். மருத்துவச் சாட்சியம் மரணத்துக்கு மூளை ரத்தக்கசிவைக் காரணமாகச் சொன்னது, பாட்டு கைத்தடியை மட்டுமே சொல்கிறது. அப்போது உயிரோடிருந்த ஒருவனைப் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றிய பாட்டு இத்தனை தளர்வாக இருக்கலாமா? டிலனின் வரலாற்றாசிரியர்களில் சிலர் கூடாது என்கிறார்கள். கோபத்துக்கு ஆவணத் துல்லியம் வேண்டியதில்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ரசிகர்கள் கூடி உட்கார்ந்து சண்டை போடத் தகுந்த கேள்வி இது.